வெள்ளைத் துணியும் பின்பக்க லொங்காங்கும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டிச் சுற்றுச்சூழலைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது. போன இதழில் எங்கள் பட்டர்வொர்த் அடுக்குமாடி மண்டபத்துத் திரையிடலைப் பற்றி நாலு வரி எழுதியதன் விளைவு. தமிழ்ப்பள்ளியில் முப்பத்தொரு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெள்ளைத் துணி கட்டுகிறவள் நான். சினிமா தெரிந்தவர்கள் யாராவது படித்தால் பொறுத்துக்கொள்ளவும்.

டீச்சர், எங்கள் அடுக்குமாடி இளைஞர் மன்றத்தில் பள்ளி விடுமுறைக்குச் சுற்றுச்சூழல் படம் ஒன்று போடலாம் என்று இருக்கிறோம். பனிக்கரடி, அமேசான் காடு, பவளப்பாறை என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முதல் படமாக எதைப் போடுவது?
— மன்றச் செயலாளர், பிறை

பனிக்கரடி வேண்டாம் தம்பி. அமேசானும் இப்போதைக்கு வேண்டாம். மறுநாள் காலையில் பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போய்ப் பார்க்க முடியாத இடத்தை முதல் படமாகப் போடாதீர்கள். என்னிடம் இருக்கும் ஒரே சட்டம் இதுதான். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் முதல் திரையிடல் பவளப்பாறையைப் பற்றியது. அழகான படம், ஒரு மணி இருபது நிமிடம். நாற்பத்தேழு பிள்ளைகள் வந்தார்கள். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் படிக்கட்டில் ஓடிப்பிடித்து விளையாடப் போய்விட்டார்கள். படம் முடிந்ததும், டீச்சர் புத்தி போகுமா, “என்ன கற்றுக்கொண்டோம்?” என்று கேட்டேன். முன்வரிசைப் பெண் எழுந்து, சபைகூடலில் உறுதிமொழி சொல்கிற அதே ராகத்தில், “கடலில் குப்பை போடக் கூடாது டீச்சர்” என்றாள். படம் பார்க்காமலே அவளுக்கு அது தெரியும். எல்லாரும் போன பிறகு மண்டபத்தைக் கூட்டினால், ஸ்ட்ரா குத்திக் குடிக்கிற பிளாஸ்டிக் தண்ணீர்க் கிண்ணங்கள் எண்பத்து நாலு. நாங்களே பெட்டியாக வாங்கி, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தவை.

அடுத்த மாதம் வேறு வழியில் போனோம். 2017 நவம்பர் 4 ராத்திரி உங்களுக்கு நினைவிருக்கும். காற்றும் மழையுமாகக் கொட்டித் தீர்த்து, விடிந்தபோது பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் எங்கே பார்த்தாலும் தண்ணீர். அன்று கைப்பேசி வைத்திருந்தவர்கள் எல்லாரும் எதையாவது எடுத்திருப்பார்கள் அல்லவா? அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். இருபத்து மூன்று துண்டுகள் வந்தன. என் தங்கை மகன் அவற்றை ஒட்டி ஒன்பது நிமிடப் படமாக்கினான். பின்னால் சோக வயலின் வைக்கிறேன் என்று அடம்பிடித்தான். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். மழைச் சத்தம், ஆட்கள் கூப்பிடுகிற சத்தம், யாரோ ஒரு பாட்டி “பூனையைத் தூக்குடா, பூனையைத் தூக்குடா” என்று கத்துவது. அவ்வளவுதான் ஒலி.

அந்த வெள்ளத்தின்போது எங்கள் பிள்ளைகளில் பெரியவர்களுக்கே ஐந்து, ஆறு வயது. திரையில் கீழ்த்தள வீட்டுச் சலவை இயந்திரம் மெல்லத் திரும்பி, வாசற்படியில் ஒரு தரம் இடித்துக்கொண்டு, வெளியே மிதந்து போகிறது. “டேய், அது நம்ம வீட்டுப் படி!” என்று ஒருவன் எழுந்து நின்றுவிட்டான். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை போடச் சொன்னார்கள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: “தண்ணீ எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு டீச்சர்?”

எனக்குத் தெரியவில்லை. பெரியவர்களுக்குள் ஒரே சண்டை. ஆற்றிலிருந்து என்றார் ஒருவர், பின்பக்க லொங்காங்கிலிருந்து, அதாவது வடிகாலிலிருந்து என்றார் இன்னொருவர், இரண்டுமில்லை, கடல் ஏறிவிட்டது என்றார் மூன்றாமவர். சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பத்தொன்பது பிள்ளைகள் வந்து நின்றார்கள். பள்ளிக்கு எழுப்பினால் எழுந்திருக்காத பிள்ளைகள்! பின்பக்க லொங்காங்கைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். அது பெரிய லொங்காங்கில் சேர்ந்து, சாலைக்கு அடியில் நுழைகிற இடத்தில் ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு. அதில் ஒரு மெத்தை, தேங்காய் மட்டை, வெள்ளைச் சாப்பாட்டுப் பெட்டிகள், ஒற்றைப் பள்ளிக் காலணி. இவற்றுக்கு நடுவே ஸ்ட்ராவோடு சிக்கியிருந்தது ஒரு தண்ணீர்க் கிண்ணம். மூடியில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். போன மாதம் நாங்கள் கொடுத்தது அதே கம்பெனிக் கிண்ணம். நான் லொங்காங்கைப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. குப்பையால்தான் வெள்ளம் வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அன்று கொட்டிய மழைக்கு நம் லொங்காங் சுத்தமாக இருந்திருந்தாலும் போதாது. மழை, கடல் ஏற்றம், மண் இருந்த இடத்தையெல்லாம் சிமெண்டு போட்டு மூடியது என்று பல கை சேர்ந்த வேலை அது. பாதி உண்மையைச் சொன்னால் பதினைந்து வயதில் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் நாம் சொல்கிற எதையும் நம்பமாட்டார்கள்.

நீங்கள் பிறையில் இருக்கிறீர்கள், தம்பி. ஜூரு ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. தொழிற்பேட்டை வளர்ந்த எழுபதுகளில் அந்த ஆற்றின் நிறம் மாறியதும் கோலா ஜூரு மீனவர்களின் வலை காலியானதும் ஊரறிந்த கதை. 1977ல் பினாங்கில் தொடங்கிய சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஆரம்பத்தில் கையிலெடுத்த விஷயங்களில் அதுவும் ஒன்று. அதைப் பார்த்த பெரியவர் யாராவது உங்கள் அடுக்குமாடியிலேயே இருப்பார். அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கைப்பேசியில் பத்து நிமிடம் பேசவிட்டு எடுங்கள். பனிக்கரடியைவிட அது உங்களுக்கு உதவும்.

நடந்து போகிற தூரம் என்றேனே, அதில் சமையலறைக் குழாயும் சேர்த்தி. பினாங்கு குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆற்றுக்குத் தண்ணீர் கொடுப்பது கெடாவில் இருக்கும் ஊலு மூடா காடு. காட்டைப் பற்றிப் படம் போட்டே தீருவேன் என்றால் அந்தக் காட்டிலிருந்து தொடங்குங்கள். படம் முடிந்ததும் குழாயைத் திறந்து காட்டினால் போதும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. உறவினர் வீட்டில் காட்டுத்தீ பற்றிய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவள், பத்து நாளாகத் தூங்கப் போகும்போது “நம்ம மலையும் எரியுமா அம்மா?” என்று அழுகிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் காட்டத்தான் வேண்டுமா?
— ஒரு தாய், ஆயர் ஈத்தாம்

உங்கள் மகளிடம் ஒரு குறையும் இல்லை அம்மா. படத்தைப் போட்டுவிட்டு எழுந்து போன பெரியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

2015 புகைமூட்டத்தில் பள்ளிகளை மூடினார்களே, அடுத்த வருடம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரிமண் நிலம் எரிகிற படம் ஒன்றைக் காட்டினேன். தரைக்கு மேலே அணைத்தாலும் அடியில் புகைந்துகொண்டே இருக்கிற தீ. நல்ல அறிவியல் பாடம் என்று நினைத்தேன். இழுப்பு வரும் பையன் ஒருவன், சட்டைப் பையிலிருந்து மருந்துக் குழலை எடுத்துக் காட்டி, “இது தீந்துபோனா நான் செத்துருவேனா டீச்சர்?” என்று கேட்டான். பாடம் அத்தோடு நின்றது.

அதிலிருந்து பத்து வயதுக்குக் கீழே என்றால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போடுவதில்லை. விலங்கு சாகிற காட்சி கிடையாது. பக்கத்தில் ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னால் நின்று கைப்பேசி பார்க்கிறவர் கணக்கில் இல்லை. அழிவைக் காட்டுகிற படம் என்றால், அதே வாரத்தில் பிள்ளைகள் கையை வைத்துச் செய்ய ஒரு வேலை தயாராக இருக்க வேண்டும்.

எங்களுக்கு அந்த வேலை பக்காவ் மரம், கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் மரம். நம் பக்கத்துக் கரையோர மீனவர்கள் இருபது வருடத்துக்கும் மேலாக அதை நட்டு வருகிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகுதான் மற்றவர்கள் அதை மதித்துப் பேச ஆரம்பித்தார்கள். நிபோங் திபால் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். பக்காவ் விதை மரத்திலேயே முளைவிட்டு நீளமாகத் தொங்கும். கையில் வாங்கியதும் ஒரு சின்னப் பெண் முகர்ந்து பார்த்து, “முருங்கைக்காய் மாதிரி இருக்கே, சாம்பாருக்கு ஆகுமா?” என்றாள். முழங்கால் வரை சேற்றில் இறங்கி, கூர்முனை கீழே இருக்கும்படி குத்திவிட்டு வந்தாள். அவள் காலைக் கழுவத்தான் இரண்டு வாளித் தண்ணீர் ஆயிற்று.

உங்களுக்கு மலையே வாசலில் இருக்கிறது. பினாங்குக் கொடிமலையை 2021ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதையெல்லாம் மகளிடம் சொல்ல வேண்டாம். காலையில் கூட்டிப் போய்க் கண்ணைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடி போட்டதுபோல் இருக்குமே, அந்த லோத்தோங் குரங்கைக் காட்டுங்கள். தாய் கரும்சாம்பல் நிறம், குட்டி மட்டும் மஞ்சள் ஆரஞ்சு. குட்டி போடும் சமயமாக இருந்தால் பார்க்கலாம். மலை எரியாமல் அப்படியே இருப்பதை அவள் தன் கண்ணால் பார்க்கட்டும்.

டெலிகிராமில் எல்லா ஆவணப்படமும் கிடைக்கிறதே டீச்சர். இறக்கி எங்கள் கழகத்தில் போடலாமா? காசு வாங்கப் போவதில்லை.
— படிவம் 4 மாணவர், சுங்கை ஆரா

கூடாது. காசு வாங்காதது உன் நல்ல மனசு, சட்டத்துக்கு அது தெரியாது. 1987 பதிப்புரிமைச் சட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டம். தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் இல்லாத படத்தைத் திரையிடுவது குற்றம். 2013ல் கோலாலம்பூரில் இலங்கைப் போர் பற்றிய ஆவணப்படத்தைத் திரையிட்டதற்காக ஒரு சமூக ஆர்வலர் மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2017ல் பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) அபராதம் வரை போனது. நாமே கைப்பேசியில் எடுத்த படத்துக்கும் விலக்கு உண்டு என்று நினைத்துவிடாதே. நாங்கள் தணிக்கை விண்ணப்பப் படிவங்களோடு மல்லுக்கட்டிய கதையை இன்னொரு மாதம் சொல்கிறேன்.

நல்ல வழி ஒன்று இருக்கிறது. படம் எடுத்தவருக்கே எழுது. மலேசியாவிலேயே குறும் ஆவணப்படம் எடுக்கிறவர்கள் நிறையப் பேர். 2003லிருந்து நடக்கும் ஃபிரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் என்ற படவிழாவில் நம் ஊர் ஆறு, நம் ஊர்க் கடல் பற்றிய படங்கள் வந்திருக்கின்றன. “நான் படிவம் 4, எங்கள் கழகத்தில் முப்பது பேர்” என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு பதில் போடுவார்கள். ஒருவர் கிள்ளானிலிருந்து பேருந்து பிடித்து எங்கள் திரையிடலுக்கே வந்துவிட்டார். கழக ஆசிரியரிடம் முதலில் சொல். அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது.

ப்ரொஜெக்டர் வாடகையே கட்டுப்படியாகவில்லை. குறைந்த செலவில் திறந்தவெளியில் போட என்ன வழி?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நிபோங் திபால்

வாடகைக்கு எடுக்காதீர்கள், கடன் கேளுங்கள். எந்தப் பள்ளியிலும் ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். 3,000 லூமன் இருந்தால் இருட்டிய பிறகு போதும். நம் பக்கம் இருட்ட ஏழே முக்கால் ஆகிவிடும். பாங்கு சொல்லி முடிக்கும் வரை பொறுத்து, எட்டு மணிக்குத் தொடங்குவது எல்லாருக்கும் நல்லது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை திறந்தவெளியை மறந்துவிடுங்கள்.

படுக்கை விரிப்பைக் கட்டினால் வெளிச்சம் பாதி பின்னால் போய்விடும். இரட்டையாகத் தையுங்கள், அல்லது வெள்ளைச் சுவரே போதும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தகவல் இலாகா வேன் வந்து திடலில் திரை கட்டும். முன்னால் இடம் பிடித்தவர்கள் பாயோடு உட்கார, தாமதமாக வருகிற நாங்கள் திரைக்குப் பின்னால் உட்காருவோம். மெல்லிய துணி, படம் நன்றாகவே தெரியும், இடமும் வலமும் மட்டும் மாறியிருக்கும். எம்.ஜி.ஆர். இடது கையில் கத்தி பிடிப்பார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வரும். அதைப் படித்துப் பழகியே எனக்குப் படிக்க வந்தது என்று அப்பா சொல்வார். ஆகவே கூட்டம் அதிகம் என்றால் ஒற்றைத் துணியே கட்டுங்கள், இரண்டு பக்கமும் ஆள் உட்காரலாம்.

படத்தைவிட ஒலிக்குச் செலவு செய்யுங்கள். கோயில் மைக்செட் நாதஸ்வரத்துக்கு ஆகும், ஆவணப்படத்துக்கு ஆகாது. ஒரு வார்த்தையும் விளங்காது. அது ஒன்றுதான் கிடைத்தது என்றால் ஒலியை அடைத்துவிட்டு நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டு போங்கள். ஆங்கில வர்ணனையைவிட அதைத்தான் எங்கள் பிள்ளைகள் விரும்புகிறார்கள், நான் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்காகவே காதைத் தீட்டி வைத்துக் கேட்கிறார்கள். மடிக்கணினியில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை நிறுத்திவைக்க மறக்காதீர்கள். ஆமை முட்டையிடுகிற நேரத்தில் நீலத்திரை வந்து நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறோம்.

மண்டபத்தை இலவசமாகக் கொடுத்தோம். நீங்கள் போட்ட குறும்படத்தில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குப்பையைக் காட்டி, பிள்ளைகள் முன்னால் நம் சமயத்தையே குறை சொன்னது முறையா?
— ஆலய நிர்வாகக் குழுவினர் ஒருவர்

ஐயா, உங்களிடம் முதலில் போட்டுக் காட்டாமல் திரையிட்டது என் தவறு. அதற்கு மன்னிப்பு. மற்றதற்குக் கேட்கமாட்டேன்.

அந்தப் படத்தை எடுத்தவர்கள் மூன்று படிவம் 2 மாணவிகள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையில், ராத்திரி முழுவதும் பந்தலில் நின்று மோர் ஊற்றிக் கொடுத்தவர்களே அவர்கள்தான். விடியற்காலை ஆறு மணிக்கு, தாங்கள் ஊற்றிக் கொடுத்த கிண்ணங்களின் மேல் நடந்து வீட்டுக்குப் போகும்போது எடுத்தது. கேமரா கீழே பார்த்துக்கொண்டே போகிறது, பேச்சே இல்லை, கால்கொலுசுச் சத்தமும் பிளாஸ்டிக் நொறுங்குகிற சத்தமும் மட்டும். இதில் சமயக் குறை எங்கே வந்தது?

இந்த வருடம் அதே பெண்கள் இருநூறு எவர்சில்வர் டம்ளர் சேர்த்து, கழுவ இரண்டு தொட்டியும் வைத்தார்கள். நள்ளிரவு வரை தாங்கியது. அதற்குப் பிறகு வரிசை நீண்டு, கழுவுகிறவர்களுக்குக் கை ஓய்ந்து, பிளாஸ்டிக் கிண்ணம் வெளியே வந்துவிட்டது. அடுத்த வருடம் கழுவ உங்கள் குழுவிலிருந்து ஆறு பேர் அனுப்புவீர்களா?

படம் போட்டு யார் திருந்தினார்கள்? சட்டம் போட்டால்தான் நடக்கும்.
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், ஜெலுத்தோங்

பெரியவர்கள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். பினாங்கில் 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் இலவசப் பிளாஸ்டிக் பை இல்லை என்றார்கள். 2011 ஜனவரியிலிருந்து எல்லா நாளும். இருபது சென் கொடுக்க மனசு வராமல் என் மாமியார் பரண்மேல் கிடந்த பிரம்புக் கூடையை இறக்கினார். எந்தப் படமும் பார்த்துவிட்டு அல்ல.

தொலைதூரத்துப் படம் எதுவுமே போடமாட்டீர்களா? உங்களுக்குப் பிடித்தது?
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

போடுவேன், நாலைந்து திரையிடல் ஆன பிறகு. 2023ல் ஆஸ்கார் வாங்கிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ முதுமலைக் காட்டு யானைக்குட்டிகளையும் அவற்றை வளர்க்கும் தம்பதியையும் பற்றியது. நாற்பது நிமிடம், பேச்சு தமிழ். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசுகிற ஆவணப்படம் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று சொல்ல வேண்டியதில்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் ஆவணப்படங்கள் சிலவற்றைக் கல்விக்காகக் கட்டணமின்றித் திரையிட அனுமதிக்கிறது. எந்தப் படத்துக்கு என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தணிக்கை அனுமதி அதற்குமேல் தனி.

என் மகன் (வயது 12) தானே எடுத்த வீடியோவைப் போடுவீர்களா என்று கேட்கச் சொன்னான்.
— தந்தை, பட்டர்வொர்த்

அவன் ஏற்கெனவே என் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான் ஐயா. மூன்று நிமிடம். பி புளோக் பின்னால் லொங்காங் ஓரத்தில் ஒரு பியாவாக், அதாவது நீர் உடும்பு, ஆள் நீளம், நாக்கை நீட்டி நீட்டி ஒரு கோழித் தலையை ஆராய்கிறது. கை நடுங்கியிருக்கிறான், பாதிப் படம் வானம். போன சனிக்கிழமை தணிக்கைக்கு அனுப்புவதற்கு முன் நாலு பேர் பார்க்கட்டும் என்று என் வீட்டுக் கூடத்தில் போட்டேன். பதினோரு பேர் வந்துவிட்டார்கள். எப்படி அங்கே வாழ்கிறது, என்ன சாப்பிடுகிறது, நீந்துமா, கடிக்குமா என்று அவனைத் துளைத்து எடுத்துவிட்டார்கள். அவனும் தெரிந்ததற்குப் பதில் சொல்லி, தெரியாததற்குத் தலையைச் சொறிந்தான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்தப் பதினோரு பேரும் லொங்காங் ஓரத்தில் வரிசையாகக் குந்திக்கொண்டிருந்தார்கள், பேச்சு மூச்சில்லாமல். நானும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்பது மணி வரை பார்த்தோம், பியாவாக் வரவில்லை. அடுத்த ஞாயிறு ஆறரைக்கே வரச் சொல்லியிருக்கிறான் உங்கள் மகன். அவனைக் கொஞ்சம் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள்.